நாற்பத்தோரு இடங்கள்

அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் அவன் பெயரை எழுதி ஒட்டாததுதான் பாக்கி. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மருந்துக்கிடங்குக்குப் பக்கத்து அறையில், அவள் வேலை பார்த்தாள். கம்ப்யூட்டர் பிரிவு என்று வாசலில் பலகை தொங்கும். உள்ளே போனால் மூன்றே பேர். ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் ஒரு சாஃப்ட்வேரில் இருந்தது. அதை முதல் வரியிலிருந்து எழுதியவள் அவள்தான்.

அண்ணன் அந்தப் பட்டியலில் இருந்தான். ஆனால் அவன் எத்தனையாவது ஆள் என்று தங்கைக்குத் தெரியாது. அவள் அதைத் திறந்து பார்க்க மாட்டாள்.

முடியாது என்றில்லை, மாட்டாள். சொந்தக்காரர் யாராவது பட்டியலில் இருந்தால், பிரிவில் வேலை செய்பவர் உண்மையான பெயர்கள் இருக்கும் பக்கத்தையே தொடக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்படி ஒரு தாள் வேண்டும் என்று நிர்வாகத்தின் காலைச் சுற்றியதே அவள்தான். கேட்டால் சிரிப்பீர்கள்: தானே கயிறு திரித்து, தானே தன் கையைக் கட்டிக்கொண்டவள். பொய்ப் பெயர்கள் போட்ட ஒரு நகல் பட்டியலை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தத் தாளோடு முதலில் மோதியது அண்ணி. ஒரு புதன்கிழமை மதியம் மாடியிலிருந்து இறங்கி வந்து, கம்ப்யூட்டர் பிரிவின் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"பாப்பா, கொஞ்சம் வெளிய வா."

நாற்பத்து மூன்று வயதிலும் அண்ணன் வீட்டில் அவள் பாப்பாதான். வெளியே வந்தாள்.

"அந்த மூணாவது கட்டில் வாத்தியார் இல்ல, அவருக்குக் கூப்பிட்டுட்டாங்களாம். நேத்து ஆபரேஷன் ஆயிடுச்சாம். அவரு சம்சாரம் சொல்றாங்க."

"நல்ல விஷயம்தானே அண்ணி."

"நல்ல விஷயம்தான், யாரு இல்லன்னா? ஆனா அவரு நமக்கு ஆறு மாசம் கழிச்சு சேந்தவரு. அதே ரத்த குரூப். வயசும் கூட. அதெப்படி அவருக்கு முன்னாடி வந்துச்சு?"

"அண்ணி, இது ரேஷன் கடை வரிசை இல்ல. ரத்த குரூப் மட்டும் பாக்க மாட்டாங்க. எவ்வளவோ பொருத்தம் இருக்கு."

"சரிம்மா, இருக்கட்டும். நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரு பேரு அதுல இருக்கான்னு மட்டும் பாரு. எத்தனையாவதுன்னுகூட வேண்டாம்."

"இல்லாம எங்க போகும்? நான் பாக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கூடப்பிறந்தவனுக்காகக்கூடவா?"

"கூடப்பிறந்தவன்ங்கறதாலதான்."

சொல்லிவிட்டு அவளுக்கே அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அண்ணி படியேறிப் போனாள். லிஃப்ட் இருந்தது, கோபம் வந்தால் அண்ணி லிஃப்டில் ஏற மாட்டாள்.

அண்ணிக்குப் பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ளவும் யாரும் மிச்சமில்லை. சீருடை தைக்கும் கடையில் பத்தொன்பது வருஷம் தைத்தவள், அண்ணன் படுத்த பிறகு அதையும் விட்டாள். அவளுடைய உலகம் ஒரு கட்டில் நீளத்துக்குச் சுருங்கிப் போயிருந்தது. அப்படிப்பட்டவள் அதன்பிறகு இன்னும் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை அண்ணனே கையைத் தூக்கி அடக்கினான்.

"விடுடி அவள. நச்சரிக்காத. கண்டிப்பா வேல பாக்கறவள நாமளே கெடுக்கக் கூடாது. வரும்போது வரும்."

வரும்போது வரும் என்று அவன் சொன்ன அந்த நாளில், வரவே முடியாத இடத்தில் அவன் பெயர் கிடந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

தெரியவந்தது ஓர் அறிக்கையால். பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் மூத்த நர்ஸ் ஒருவர் உண்டு. எல்லோரும் பட்டியல் சிஸ்டர் என்பார்கள். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் தன் நோட்டிலும் ஒரு முறை எழுதி வைத்துக்கொள்ளும் ரகம். வருஷ முடிவுக்கு மேலிடம் ஒரு கணக்குக் கேட்டிருந்தது: பட்டியலில் தற்சமயம் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? காய்ச்சல், புண், சளி என்று உடம்புக்கு ஏதாவது வந்தால் ஓர் ஆளைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைப்பார்கள்; கம்ப்யூட்டரில் அவர் பேரில் ஒரு நிறுத்தச் சீட்டு விழும். உடம்பு தேறியதும் சிஸ்டர் ஒரு பொத்தானை அமுக்கி விடுவிப்பார். நிறுத்தத்தில் இருக்கும் வரை, சிறுநீரகம் வரும்போது கம்ப்யூட்டர் அந்த ஆளைத் தாண்டிப் போய்விடும்.

சிஸ்டர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என் நோட்டுல மூணு பேரு. உங்க கம்ப்யூட்டர் ஒன்பதுங்குது. யாரு பொய் சொல்றா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சிஸ்டர்" என்றாள் சிரித்துக்கொண்டே.

"அப்ப நான் சொல்றேனா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒழுங்கு திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஒழுங்கு என்று பெயர் வந்ததே அவன் மேஜையைப் பார்த்துத்தான். பேனா கோணலாக இருந்தால்கூட அவனுக்குப் பொறுக்காது. அவள்தான் உண்மையான பட்டியலைத் தொடக்கூடாதே, அதனால் அவனே திறந்தான். ஒன்பது பேரின் பதிவு எண்களையும் படித்தான், பெயர் சொல்லவில்லை. சிஸ்டர் ஒவ்வொன்றாக நோட்டில் சரிபார்த்தார். மூன்று சரி. மற்ற ஆறு பேரையும் சிஸ்டர் எப்போதோ விடுவித்தாயிற்று. விடுவித்த சீட்டு பச்சையாக இருக்கிறது. ஆனால் அந்த ஆள் மட்டும் இன்னும் நிறுத்தத்திலேயே கிடக்கிறார்.

"நான் பச்சையப் பாத்துதான் சீட்டை மூடினேன்" என்றார் சிஸ்டர். குரல் மாறிவிட்டது. "மூணு வாரம் நிமோனியான்னு நிறுத்தினோமே, ஜன்னலோரக் கட்டில்..." என்று ஆரம்பித்து அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்தாள். கையெழுத்துப் போட்ட தாள், விதி, கர்வம் எல்லாம் எங்கே போனதோ! ஒழுங்கின் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தானே திரையில் பார்த்தாள். அண்ணனின் பெயர். அதன் எதிரே சிவப்பில், நிறுத்தம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா?

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாஃப்ட்வேர் எழுதும்போது, பொதுவான விஷயங்களை எல்லாம் 'மாடல்' என்கிற ஓர் அச்சில், தாய் மாடலில், எழுதி வைப்பார்கள். பெயர், வயது, ரத்த குரூப், நிறுத்தச் சீட்டு. பிறகு அதிலிருந்து பிள்ளை மாடல்களைப் பிறக்க வைப்பார்கள். தாயிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்கும் வந்துவிடும். முதலில் ஒரே பிள்ளைதான் இருந்தது: காத்திருப்பவர். ஆளிடமிருந்து அவருடைய நிறுத்தச் சீட்டுக்குப் போக ஒரு வழி உண்டு. சீட்டிலிருந்து திரும்பி ஆளிடம் வரவும் ஒரு வழி வேண்டுமே? அந்தத் திரும்பும் வழிக்கு 'ஆள்' என்று தாய் மாடலிலேயே பெயர் வைத்திருந்தாள். சீட்டைப் பார்த்து, உன் ஆள் யார் என்று கேட்டால் அது காத்திருப்பவரைக் காட்டும்.

நான்கு வருஷத்துக்கு முன், உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுக்க முன்வரும் உறவினர்களையும் பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. இரண்டாவது பிள்ளை பிறந்தது: கொடுப்பவர். தாயிடம் இருந்ததெல்லாம் அதற்கும் வந்தது. திரும்பும் வழியின் பெயரும் சேர்ந்து வந்தது. இப்போது ஒரே சீட்டிலிருந்து 'ஆள்' என்ற ஒரே பெயரில் இரண்டு வீட்டுக்கு வழி. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? இதையெல்லாம் தாங்கி ஓட்டும் சட்டகமான ஃப்ரேம்வொர்க் அவ்வளவு முட்டாள் இல்லை. பெயர் மோதுகிறது, ஓட மாட்டேன் என்று சிவப்பெழுத்தில் சொல்லி நின்றுவிட்டது.

செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியாததா? தாய் மாடலில் அந்தப் பெயரோடு, பிறக்கும் பிள்ளையின் பெயரும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி எழுத வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி வழி, மோதல் கிடையாது. முதல் வருஷப் பாடம் இது. ஆனால் பழைய பெயரை நம்பி எழுதிய இடங்களை எல்லாம் தேடி மாற்ற வேண்டும். எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தோரு இடம். மறுநாள் காலையில் கொடுப்பவர் பதிவுக்குத் திறப்புவிழா. அதனால் ஃப்ரேம்வொர்க்கின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள்: இந்த எச்சரிக்கையை இனிமேல் சொல்லாதே. அதற்கு மேலே தனக்காக ஒரு குறிப்பும் எழுதினாள்: 'பிறகு சரிசெய்ய வேண்டும்.'

பிறகாவது மண்ணாவது! ஓடுகிற வண்டியை யார் நிறுத்திப் பார்ப்பார்கள்? பெயர் மோதும்போது கடைசியாக ஏற்றப்படும் மாடல்தான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். அன்று கடைசியில் இருந்தது காத்திருப்பவர். ஆகவே எல்லாம் சரியாகவே நடந்தது. கொடுப்பவர்களை நிறுத்தி வைக்கும் வழக்கமே இல்லாததால் அந்தப் பக்கத்துக் குறையும் வெளியே வரவில்லை. இரண்டரை வருஷம் போயிற்று. அப்புறம் ஒரு நாள், ஒழுங்கு தன் பெயருக்கேற்றபடி கோப்புகளைச் சுத்தம் செய்தான். மாடல்களை ஏற்றும் வரிகள் முன்பின்னாக இருந்ததைப் பார்த்து அவற்றை அகரவரிசையில் அடுக்கினான். 'கா' முன்னே போயிற்று, 'கொ' பின்னே வந்தது. கடைசியில் இப்போது கொடுப்பவர். அன்று ஃப்ரேம்வொர்க் கத்தியிருக்க வேண்டும். அதன் வாயைத்தான் அவள் கட்டிவிட்டிருந்தாளே.

அன்றிலிருந்து சிஸ்டர் பொத்தானை அமுக்கினால் சீட்டு பச்சையாகும். உன் ஆள் யார் என்று கேட்டால் கொடுப்பவர் வீட்டுக்குப் போய்த் தேடும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஆள் இல்லாவிட்டால் சத்தம் போடாமல் போய்விடு என்றும் எழுதியிருந்தாள், மகராசி. காத்திருப்பவர் நிறுத்தத்திலேயே கிடப்பார். ஒழுங்கு அடுக்கிய பதினோராம் நாள், அண்ணனின் நிமோனியா தேறி சிஸ்டர் பொத்தானை அமுக்கினார்.

இந்தப் பதினான்கு மாதத்தில் அண்ணனுக்குப் பொருந்தும் சிறுநீரகம் எத்தனை வந்தது என்று அன்றைக்கே பார்த்தாள். மூன்று. மூன்று முறையும் அவன்தான் முதல் ஆள்.

ஆறு பேரில் ஒருவர் ஏற்கனவே செத்துப்போயிருந்தார். ஒருவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். மிச்சம் நான்கு பேர்.

அன்று மாலைக்குள் நாற்பத்தோரு இடத்தையும் மாற்றினாள். மாற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க மொத்தமே ஐம்பது நிமிஷம்தான் ஆயிற்று. நான்கு வருஷமாக நேரமில்லை என்று தள்ளிய வேலை ஐம்பது நிமிஷ வேலை! நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒழுங்கு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

மறுநாள் பிரிவின் மேலாளர் அறிக்கையோடு வந்தார். மாற்றங்களின் பதிவில், எந்த நாளிலிருந்து கெட்டதோ அந்த நாளில் ஒழுங்கின் பெயர் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

"வரிசைய மாத்தினது இவரு. அன்னையிலேர்ந்துதான் கோளாறு. தெளிவா இருக்கே" என்றார் மேலாளர்.

ஒழுங்கு வெளிறிப்போய் நின்றான். "நான் அகரவரிசையிலதான் சார் அடுக்கினேன். அதுல ஒண்ணும் ஆகக் கூடாது சார்."

"ஆகக் கூடாதுதான்" என்றாள் அவள். "நான் வாயக் கட்டாம இருந்திருந்தா அது அன்னைக்கே நின்னிருக்கும். வரிய எழுதினது நான். என் பேரப் போடுங்க."

"ஏம்மா நீங்களா போய் வம்ப விலைக்கு வாங்கறீங்க? உங்க அண்ணனே பாதிக்கப்பட்டிருக்காரு. உங்கள யாரு கேக்கப் போறா?"

"அதனாலதான் சொல்றேன்."

இந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏறக்குறைய இதே பதிலைக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் அண்ணியிடம் அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருந்தாள். மேலாளர் அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார். பட்டியல் வேலையிலிருந்து அவளை எடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குச் 'சாஃப்ட்வேர் குறைபாடு' என்று பொதுவாக ஒரு கடிதம் போகும் என்றார்கள்.

அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் மாடிப்படி ஏறினாள், தினமும் சொல்லாமல் இறங்கினாள். இப்போதுதான் சரியாகிவிட்டதே, அடுத்தது அவனுக்குத்தான், கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. மனசுக்கென்ன, அது எதையும் தள்ளிப்போடும்.

எட்டாம் நாள் காலையில் அழைப்பு வந்தது. அண்ணன் மூன்று மாதமாகத் தொடாத கத்தியை எடுத்துச் சவரம் செய்துகொண்டான். பெட்டியில் கிடந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கழுத்துப்பட்டைக்குள் இன்னொரு கழுத்து போகும்போலத் தொளதொளத்தது. அண்ணிக்குக் கால் தரையில் படவில்லை. மருத்துவமனை வாசலில் பாப்பாவைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, வந்துடுச்சு! நான் ஒரு பைத்தியம், உன்னப் போட்டுப் பாடாப் படுத்தினேன்."

மதியம் வரை சோதனை செய்தார்கள். ரத்தம், நெஞ்சுப் படம், இதயத்துக்கு ஸ்கேன். அறுவைச் சிகிச்சை டாக்டர் வெளியே வந்து அண்ணியைத் தவிர்த்து அவளைத் தனியே கூப்பிட்டார். இதயம் கால்பங்குதான் வேலை செய்கிறது, மயக்க மருந்தைத் தாங்காது, மேஜையிலேயே போய்விடும் என்றார். சிறுநீரகம் அடுத்த ஆளுக்குப் போகிறது என்றார்.

"இவ்வளவு நாள் டயாலிசிஸ்ல இருந்தா இதயம் தாங்காதும்மா. போன வருஷம் வந்திருந்தா ரெண்டாவது யோசனையே இல்ல, செஞ்சிருப்பேன்."

டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. ஆறுதலாகத்தான் சொன்னார்.

அண்ணி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். அண்ணன் வெள்ளைச் சட்டையோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். டாக்டர் அவனிடமும் சொல்லியிருந்தார்போல. முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது.

"பரவாயில்ல விடு பாப்பா. கொடுப்பினை இல்ல. ஆனா ஒண்ணு, கூப்பிட்டாங்க பாத்தியா? உன் பட்டியல் என்ன மறக்கல. அது போதும்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாடல், தாய், பிள்ளை என்றெல்லாம் போகவில்லை. ஒரு எச்சரிக்கை வந்தது, சோம்பல்பட்டு அதை அடக்கினேன், அதனால் உன்னை மூன்று தடவை தாண்டிப் போயிற்று, அண்ணி பார்க்கச் சொன்னபோது பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், குறைபாடு என்று உனக்கு ஒரு கடிதமும் வரும் என்றாள்.

அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"மூணா?" என்று கேட்டான்.

"மூணு."

"முதல்ல வந்தது எப்ப?"

"போன வருஷம் மழைக்காலத்துல."

கணக்குப் போடுவதுபோல் உதடு அசைந்தது. பிறகு அவள் கையைப் பிடித்தான். பிடித்த கையில் பலமே இல்லை.

"உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு." மூச்சு வாங்கினான். "ஆனா அவகிட்ட சொல்லாத. லெட்டர் என் பேருக்குத்தானே வரும், நான் பாத்துக்கறேன். எனக்கப்புறம் அவளுக்கு உன் வீட்ட விட்டா போக்கிடம் கிடையாது. உன்ன அவ வெறுத்தா எங்க போவா? சத்தியம் பண்ணு."

"அண்ணா..."

"பண்ணுடி."

பண்ணினாள்.

ஆறு வாரம் இருந்தான். ஏழாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றது. கடிதத்தை அவன் என்ன செய்தான் என்று தெரியவில்லை. எங்கேயும் கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வாடகை வீட்டைக் காலி செய்து, அண்ணி ஒரு பையும் தையல் இயந்திரமுமாக அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு அறை வீடு. அண்ணி ஒரு நாள்கூடச் சும்மா உட்காரவில்லை. ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்தாள். பாப்பாவின் அலுவலகச் சட்டைகளில் தளர்ந்திருந்த பொத்தான்களை எல்லாம் அவிழ்த்துப் புதிதாகத் தைத்தாள். சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்குச் சுடச்சுடத் தேநீர் போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சாப்பிடாவிட்டால் திட்டினாள். துக்கத்தில் இருக்கிற நாத்தனாரைத் தேற்றுகிறாளாம்!

ஒரு ஞாயிறு காலை பட்டியல் சிஸ்டர் துக்கம் கேட்க வந்தார். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணி தேநீர் கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி மருத்துவமனைக்கு வந்தது.

"ஒண்ணு சொல்லணும் சிஸ்டர்" என்றாள் அண்ணி. "இவள மாதிரி ஒருத்திய நீங்க பாக்க முடியாது. நான் காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன், ஒரு தடவை பட்டியலப் பாருன்னு. சொந்த அண்ணன்! சாகக் கிடக்கறான்! பாக்கவே இல்ல. அப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. இப்ப நெனச்சா பெருமையா இருக்கு. அவரும் சாகற வரைக்கும் அதத்தான் சொல்லிட்டிருந்தாரு, என் தங்கச்சி தப்பு பண்ண மாட்டான்னு."

சிஸ்டர் தலையைக் குனிந்து தேநீரையே பார்த்தார். குடிக்கவில்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. செத்தவனுக்குச் செய்த சத்தியம் பெரிதுதான். ஆனால் இருப்பவள் வாயால் இப்படி ஒரு பாராட்டைத் தினம் தினம் வாங்கிக்கொண்டு எப்படி வாழ்வது? முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

"அண்ணி, அவன் செத்தது என்னாலதான்."

சொல்லிவிட்டாள். ஆரம்பித்ததை நிறுத்தவும் முடியவில்லை. வரி, எச்சரிக்கை, பதினான்கு மாதம், மூன்று தடவை, அண்ணன் வாங்கிய சத்தியம், கடிதம். பாதியிலேயே சிஸ்டர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி தைப்பதை நிறுத்தியிருந்தாள். மடியில் இருந்த துணியில் ஊசி குத்தியபடியே நின்றிருந்தது.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு..."

"அவரு சொன்னத ஏன் கேக்கல நீ?"

"என்னால முடியல அண்ணி."

"உன்னால முடியல." அண்ணியின் குரல் உயரவே இல்லை. "அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா உன்ன வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். முடியப் பிடிச்சு ரெண்டு அடி அடிச்சிருப்பேன். அவரு குறுக்க வந்து உனக்குப் பரிஞ்சு பேசியிருப்பாரு. நாலு நாள் கழிச்சு ஆறியிருக்கும். இப்ப நான் யாருகிட்ட போய் உன்னப் பத்திச் சொல்லி அழுவேன்? எனக்குன்னு இருந்தவ நீ ஒருத்தி. உன் பாரம் இறங்கணும்னு அதையும் பிடுங்கிக்கிட்டியே."

துணியை மடித்து வைத்தாள். உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வந்தபோது, தான் கொண்டுவந்த அதே பை கையில் இருந்தது. பாப்பா பக்கம் திரும்பாமல் கதவைத் திறந்து வெளியே போய், படிக்கட்டில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாப்பா உள்ளே நின்று கதவிடுக்கு வழியாக அந்த முதுகைப் பார்த்தாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் இறங்கிப் போனார்கள், திரும்பி வந்தார்கள்; அண்ணி காலை ஒதுக்கி வழிவிட்டாள். ஒரு முறை கைப்பேசியை எடுத்துப் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். யாரையும் அழைக்காமல் பைக்குள் போட்டாள். மதியம் போயிற்று. வெயில் படிக்கட்டைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறியது.

சாயங்காலம் அண்ணி தானே எழுந்தாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு, கதவைத் தள்ளி, அவளைத் தாண்டி உள்ளே போனாள். போக ஓர் இடம் இருந்திருந்தால் போயிருப்பாள்.